7. கோதுமையையும் பாலையும் நிறுத்துவதற்கு முன்

நாகர்கோவில், வள்ளியூர், திருநெல்வேலிப் பக்கமிருந்து காலை ரயிலில் வந்து திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கும் கூட்டத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தையோடும் தடித்த ஃபைலோடும் வரும் பெற்றோர் உண்டு. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையத்துக்கோ, எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ, ஆக்குளத்தில் உள்ள பேச்சு, செவித்திறன் நிறுவனமான நிஷ்ஷுக்கோ அவர்கள் போவார்கள். பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, பள்ளி என்று எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் அம்மாவிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "டாக்டர், சாப்பாட்டுல எதையாவது நிறுத்தணுமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் உறவினர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி இருக்கும். கோதுமையை நிறுத்தியதும் பேச ஆரம்பித்துவிட்டதாகச் சொல்லப்படும் ஏதோ ஒரு குழந்தையின் கதை இருக்கும். "இதைக்கூடச் செய்யாமல் விட்டுவிட்டோமோ" என்ற உறுத்தலும் இருக்கும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில். முழுவதும் படிக்க நேரம் இல்லாதவர்கள் இந்த நான்கு வரிகளை மட்டுமாவது மனத்தில் வையுங்கள்.

• எந்த உணவை நிறுத்தினாலும் ஆட்டிசம் மாறும் என்பதற்கு இதுவரை நம்பகமான சான்று இல்லை.
• வயிற்று வலி, மலச்சிக்கல், பால் ஒவ்வாமை, சத்துக்குறைவு ஆகியவை உண்மையான நோய்கள். அவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் குழந்தை நிம்மதியாக இருக்கும்.
• கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை. நிறுத்திய பின் செய்தால் முடிவு தப்பாக வரும்.
• உணவை நீக்குவதும் மருந்து கொடுப்பது போலத்தான். எதற்காக, எத்தனை வாரம், எப்போது திரும்பக் கொடுப்பது என்று தெரியாமல் தொடங்கக் கூடாது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள புரதம் குளூட்டன். பாலில் உள்ள முக்கியமான புரதம் கேசீன். இரண்டையும் தவிர்க்கும் உணவுமுறைதான் பெற்றோர் வட்டத்தில் 'ஜி.எஃப்.சி.எஃப். டயட்' என்று பேசப்படுகிறது.

இதன் வேர் 1979-இல் இருக்கிறது. யாக் பாங்க்செப் என்ற மூளை ஆய்வாளர், அபின் வகைப் பொருள் கொடுக்கப்பட்ட விலங்குக் குட்டிகள் தாயைத் தேடி அழுவது குறைவதையும், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலர் ஒதுங்கி இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, மூளையில் அந்த வகைப் பொருள் மிகுந்திருக்கலாமோ என்று கேட்டார். நார்வேயில் ரைக்கெல்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் அந்த ஊகத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குளூட்டனும் கேசீனும் அரைகுறையாகச் செரித்து, அபின் போல வேலை செய்யும் துணுக்குகளாகி, குடல் சுவர் வழியாகக் கசிந்து ரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகின்றன என்றார்கள்.

கேட்க அழகான விளக்கம் இது. அப்படிக் கசிந்தால் அந்தத் துணுக்குகள் சிறுநீரில் தெரிய வேண்டும். 2008-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 65 சிறுவர்களின் சிறுநீரையும் ஆட்டிசம் இல்லாத 158 சிறுவர்களின் சிறுநீரையும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். அபின் வகைத் துணுக்கு எதுவும் அகப்படவில்லை. விளக்கத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஆனால் அதன்மேல் கட்டிய உணவுமுறை ஊர் ஊராகப் பரவிக்கொண்டே இருந்தது.

வேறு பெயர்களும் உங்கள் காதில் விழும். எலைன் காட்ஷால் பிரபலப்படுத்திய 'குறிப்பிட்ட மாவுச்சத்து உணவுமுறை', நடாஷா காம்பெல்-மக்பிரைட் என்பவரின் 'காப்ஸ்' ஆகியவை தானியங்களையே ஒதுக்கச் சொல்பவை. அரிசியும் அதில் அடக்கம். இட்லி, தோசை, புட்டு, இடியாப்பம், கஞ்சி எல்லாம் போய்விட்டால் நம் வீட்டுக் குழந்தைக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்டுப் பாருங்கள். இவற்றைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிராது. பென் ஃபைன்கோல்ட் என்ற அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் 1970-களில் சொன்ன 'சாயம் இல்லா உணவு' வேறு ரகம்; அது ஆட்டிசத்துக்காகச் சொல்லப்பட்டதல்ல, துறுதுறுப்புக்காக. செயற்கைச் சாயம் சில குழந்தைகளின் துறுதுறுப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது என்று 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வு காட்டியது. கலர் மிட்டாயையும் கலர் பானத்தையும் குறைப்பதால் எந்தச் சத்தும் நட்டமாகாது. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

சோதனைகள் சொன்னவை

உணவு ஆராய்ச்சியில் பெரிய சிக்கல் பெற்றோரின் நம்பிக்கை. கோதுமையை நிறுத்தியது தெரிந்தால் குழந்தையின் ஒவ்வொரு புன்னகையும் அதன் பலனாகத் தோன்றும். யாருக்கு எந்த உணவு போகிறது என்பது பெற்றோருக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி நடத்தும் ஆய்வுகளே அதனால் எடை கூடியவை.

2006-இல் அமெரிக்காவில் 15 குழந்தைகளை வைத்து இப்படி ஓர் ஆய்வு நடந்தது. அளவீடுகளில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் பெற்றோர் சிலர் தங்கள் குழந்தையிடம் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 14 குழந்தைகள் கண்டிப்பான ஜி.எஃப்.சி.எஃப். உணவில் வைக்கப்பட்டார்கள். பிறகு கோதுமையோ பாலோ கலந்த தின்பண்டமும் கலக்காத தின்பண்டமும் மாறி மாறி, எது எது என்று சொல்லாமல் கொடுக்கப்பட்டன. நடத்தை, தூக்கம், மலம் கழிப்பது எதிலும் மாற்றம் இல்லை. 2020-இல் போலந்தில் 66 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் குளூட்டன் இல்லாத உணவும் மறுபாதிக்குக் குளூட்டன் உள்ள உணவும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் இரண்டு குழுவும் ஒரே நிலையில்தான் இருந்தன.

எதிர்ப்பக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும். 2010-இல் டென்மார்க்கில் 72 குழந்தைகளோடு நடந்த ஆய்வு சில அளவீடுகளில் முன்னேற்றம் காட்டியது. அதில் எந்தக் குழந்தைக்கு எந்த உணவு என்பது பெற்றோருக்குத் தெரியும். இடையில் விலகியவர்களும் நிறைய. அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எடைபோட்டு, 2013-இல் பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டுதல் ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளுக்காகக் குளூட்டன், கேசீன் நீக்கும் உணவைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியது.

அப்படியானால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பலித்தது எப்படி? அந்த அம்மா பொய் சொல்லவில்லை. டயட் தொடங்கிய அதே மாதத்தில் பேச்சுப் பயிற்சியும் தொடங்கியிருக்கலாம். பிஸ்கட்டும் கேக்கும் நின்றதால் பசியெடுத்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருக்கலாம். பால் குறைந்ததால் மலச்சிக்கல் விட்டிருக்கலாம். எதுவுமே செய்யாவிட்டாலும் மூன்று வயதுக் குழந்தை ஆறு மாதத்தில் வளரத்தான் செய்யும்.

உணவை மாற்றியே ஆகவேண்டிய நிலைகள்

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் மற்ற குழந்தைகளுக்கு வரும் நோயெல்லாம் வரும். வலியைச் சொல்லத் தெரியாததால் அது பிடிவாதமாகவோ தூக்கமின்மையாகவோ வெளிப்படும். கீழே உள்ளவற்றில் எதுவும் இருந்தால் உணவு மாற்றம் தேவைப்படலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது.

சீலியாக் நோய். குளூட்டன் குடலைச் சேதப்படுத்தும் நோய் இது. இந்தியாவில் வட மாநிலங்களில்தான் அதிகம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் இதற்கான ரத்த அறிகுறி வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. நம் பக்கம் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. எடை ஏறாதது, நீடித்த வயிற்றுப்போக்கு, வயிறு உப்பியிருப்பது, தீராத ரத்தசோகை இருந்தால் டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். குழந்தை தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் இந்தப் பரிசோதனை சரியாகப் பேசும். சுமார் ஆறு வாரமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். முன்னாலேயே நிறுத்திவிட்டவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பால் புரத ஒவ்வாமை. பால் குடித்ததும் உடலில் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தக் குழந்தைக்குப் பாலை வீட்டிலேயே திரும்பக் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

பால் சர்க்கரை செரிக்காமை. இது ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது. தென்னிந்தியாவில் வளர வளரப் பலருக்கு வருவது. பால் குடித்தால் வயிறு பொருமும், காற்றுப் போகும், பேதியாகும். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாலை மொத்தமாக விலக்கத் தேவையில்லை.

பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகள். பினைல்கீட்டோனூரியா இதற்கு உதாரணம். சிகிச்சை இல்லாமல் விட்டால் ஆட்டிசம் போன்ற தோற்றம் தரும். சிகிச்சையே உணவுக் கட்டுப்பாடுதான். அரிதான இவற்றை மருத்துவர் சந்தேகித்துச் சோதிக்கச் சொன்னால் தட்டாதீர்கள்.

வலிப்பு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு ஒரு சிகிச்சை. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தொடங்கியது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உள்ள ஆர். மாதவன் நாயர் வலிப்பு நோய் மையம் போன்ற இடங்களில் நிபுணர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது அது. யூட்யூப் பார்த்து வீட்டில் செய்யும் காரியமே இல்லை.

முதலில் வயிற்றைக் கவனியுங்கள்

எதையும் நிறுத்தும் முன் இரண்டு வாரம் வயிற்றைக் கவனியுங்கள். நாற்காலி விளிம்பிலோ மேசை முனையிலோ வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பது, மலம் கழிக்கும் முன் மூலையில் விறைத்து நிற்பது, கால்களைப் பின்னிக்கொள்வது, நடுராத்திரி காரணமில்லாமல் அழுவது, ஜட்டியில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மலம் படுவது ஆகியவை மலச்சிக்கலின் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் பேதி என்று எண்ணிவிடுகிறார்கள். உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தின் ஓரமாக நீர்த்தது கசிவதுதான் அது.

பாலின் அளவையும் பாருங்கள். சாப்பாடு இறங்காத குழந்தைக்குப் பாலையே ஊட்டி வளர்க்கும் வீடுகள் உண்டு. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசி மந்தமாகும், மலம் இறுகும், இரும்புச்சத்து குறையும். இந்தக் குழந்தைக்குப் பாலை இரண்டு தம்ளராகக் குறைப்பதே பெரிய மாற்றம் தரும். அதைப் பார்த்துவிட்டுக் கேசீன்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

பல் சொத்தையையும் மறக்காதீர்கள். ஒரு பக்கமாகவே மெல்வது, கடினமானதைத் துப்புவது, முகத்தில் அடித்துக்கொள்வது எல்லாம் பல்வலியாக இருக்கலாம். மண், சுண்ணாம்பு, பெயின்ட் சுரண்டித் தின்னும் குழந்தைக்கு இரும்புச்சத்தும் ரத்தத்தில் ஈய அளவும் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் குழந்தை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் தட்டில் தாங்களே கோடு போட்டுவிடுகிறார்கள். வெள்ளையான உணவு மட்டும், மொறுமொறுப்பானது மட்டும், ஒரே கம்பெனி பிஸ்கட் மட்டும். இது செல்லத்தால் வந்ததல்ல. நாக்கும் மூக்கும் காதும் உணர்வதை மூளை வேறு விதமாக எடுத்துக்கொள்வதால் வருவது. இப்படி ஆறேழு பொருளில் நிற்கும் குழந்தையிடமிருந்து பிஸ்கட்டையும் பாலையும் பிடுங்கினால் அந்த இடத்தில் கீரையும் பருப்பும் தானாக வந்து உட்காராது. சாப்பாடே நின்றுபோகும்.

2008-இல் அமெரிக்காவில் 4 முதல் 8 வயது வரையுள்ள 75 சிறுவர்களின் கை எலும்பை எக்ஸ்ரேயில் அளந்தார்கள். ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு பொதுவாக மெலிந்திருந்தது. பால் பொருள் தவிர்க்கும் உணவில் இருந்தவர்களுக்கு அந்தக் குறை இன்னும் அதிகம். மிகக் குறுகிய உணவில் இருந்த குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஈறில் ரத்தம் வந்து நடக்க மறுத்ததும், வைட்டமின் ஏ குறைந்து பார்வை பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. நன்றாக நடந்த குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று விடாதீர்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது உணவைக் கூட்டும் வழி. பிடித்த உணவிலிருந்து ஒரு சின்ன அடி எடுத்து வைப்பது அந்த வழி. வெள்ளைத் தோசை மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு மாவில் ஒரு கரண்டி ராகி. நிறம் தெரியாத அளவில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டுவது. ஏத்தங்காய் சிப்ஸ் பிடிக்கும் என்றால் அதே வடிவில் சீவி வறுத்த மரவள்ளி, பிறகு சேனை. புதிய பொருளைத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தொடவும் முகரவும் மட்டும் விடுவது. வாயில் திணிப்பது, மூக்கைப் பிடித்து ஊட்டுவது இரண்டும் கூடாது. ஒன்றுக்குப் பத்து முறை, பதினைந்து முறை காட்டினால்தான் சில உணவுகள் ஏற்கப்படும்.

செய்தே பார்க்க வேண்டும் என்றால்

இவ்வளவும் படித்த பிறகும் ஒருமுறை முயன்று பார்த்தால்தான் மனம் ஆறும் என்று சில பெற்றோர் நினைப்பார்கள். அது தவறல்ல. ஆனால் அந்த முயற்சியிலிருந்து ஒரு பதில் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடரும் பத்தியமாக அது மாறிவிடக் கூடாது. வழி இது.

முதல் படி: மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் பாருங்கள். எடை, உயரம், ஹீமோகுளோபின், வைட்டமின் டி, தேவையானால் பி12, சீலியாக் பரிசோதனை. இவை முடியும்வரை எதையும் நிறுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: கவனிக்கப் போகும் மூன்றே விஷயங்களை எழுதுங்கள். 'நல்லா இருக்கணும்' என்று எழுதினால் அளக்க முடியாது. 'இரவில் எத்தனை முறை எழுகிறான்', 'வாரத்தில் எத்தனை நாள் மலம் போகிறான்', 'நாளில் எத்தனை முறை தலையில் அடித்துக்கொள்கிறான்' என்று எண்ணக்கூடியதாக இருக்கட்டும். குழந்தை வளர்ச்சி மையத்தார் 'திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை'யில் இரண்டு வயது வரைக்கும் 17 திறன்களை மட்டும் தேர்ந்துகொண்டார்கள். குறைவாகவும் தெளிவாகவும் இருந்தால்தான் தினமும் குறிக்க முடியும்.

மூன்றாம் படி: எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். ஒப்பிட ஒரு தொடக்கம் கிடைக்கும்.

நான்காம் படி: ஒரே ஒரு பொருளை மட்டும் நிறுத்துங்கள். பாலுக்கு 2 முதல் 4 வாரம் போதும். கோதுமைக்கு எத்தனை வாரம் என்பதை நிபுணரோடு முன்கூட்டியே முடிவு செய்து காலண்டரில் குறியுங்கள். அந்தக் காலத்தில் புதிய மருந்து, புதிய பயிற்சி, பள்ளி மாற்றம் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: பயிற்சி ஆசிரியரிடம் எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று சொல்லாதீர்கள். வழக்கமான குறிப்பை மட்டும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கண்ணைவிட அவர் கண்ணுக்கு இந்த விஷயத்தில் பாரபட்சம் குறைவு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது. அதைப் பள்ளிக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆறாம் படி: குறித்த நாளில் திரும்பக் கொடுங்கள். பலர் தாண்டாத படி இதுதான். நிறுத்தியபோது குறைந்தது, கொடுத்தபோது கூடியது, மறுபடி நிறுத்தியபோது குறைந்தது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அப்படி இல்லையென்றால் பழைய உணவுக்கே திரும்புங்கள். முயன்றாயிற்று, பதில் கிடைத்தாயிற்று.

எடை குறைந்தாலோ, மிஞ்சியிருந்த உணவையும் குழந்தை ஒதுக்க ஆரம்பித்தாலோ காலக்கெடுவுக்குக் காத்திராமல் அன்றே முயற்சியை நிறுத்திவிடுங்கள்.

சமையலறைக் குறிப்பு

அரிசிச் சாப்பாட்டு வீட்டில் கோதுமையை விலக்குவது வட இந்திய வீட்டைப்போலக் கடினமல்ல. அரிசி, ராகி, கம்பு, சோளம், தினை, உளுந்து, பயறு, மரவள்ளி எதிலும் குளூட்டன் இல்லை. ஒளிந்திருக்கும் இடங்கள்தான் சிக்கல். ரவை, சேமியா, மைதா, ரஸ்க், பிரெட் எல்லாம் கோதுமை. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் வழியாக அது தினமும் உள்ளே போகும். சோயா சாஸ், கடை கட்லெட்டின் மேல்பொடி, தூள் சூப் ஆகியவற்றையும் பாருங்கள். பொட்டலத்தின் பின்புறம் ஒவ்வாமைப் பொருள் அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மில்லில் கோதுமை அரைத்த கையோடு ராகி அரைத்தால் கலந்துவிடும். சீலியாக் நோய் உறுதியான குழந்தைக்கு அதுவும் ஆகாது.

பாலை விலக்கினால் கணக்குப் போட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கும். இரண்டு தம்ளர், அதாவது 400 மில்லி கொடுத்தால் 480 வந்துவிடுகிறது. ராகி மாவில் 100 கிராமுக்கு சுமார் 350. ஒரு குழந்தை ஒருவேளைக்கு 30 கிராம் மாவில் செய்த கூழோ தோசையோ சாப்பிட்டால் கிடைப்பது 100 சொச்சம்தான். அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது பாலைவிடக் குறைவு. முளைகட்டினால் கொஞ்சம் மேம்படும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாடு, குக்கரில் முள் கரையும்வரை வேகவைத்த சாளை, தோல் நீக்காத எள், கீரை எல்லாம் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். முடியாவிட்டால் கால்சியம் மருந்துக்கு நிபுணரைக் கேளுங்கள்.

தேங்காய்ப் பால் பாலுக்கு ஈடல்ல. ருசிக்கும் கொழுப்புக்கும் சரி; புரதமும் கால்சியமும் அதில் மிகக் குறைவு. சைவ வீடுகளில் இன்னோர் ஆபத்து உண்டு. பி12 சத்துக்குப் பாலும் தயிரும்தான் அங்கே முக்கிய வழி. அதை அடைத்தால் மாற்று கொடுத்தே ஆகவேண்டும்.

தம்பானூரில் ஒரு நாள்

பயண நாளில்தான் கட்டுப்பாடு உடையும். காலை ரயிலில் வருகிறவர்கள் குழந்தைக்குப் பழக்கமான உணவை இரண்டு வேளைக்குக் கட்டிக்கொள்ளுங்கள். பழக்கமான தட்டும் தம்ளரும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையமும் எதிரெதிரே இருப்பதால் தம்பானூரில் ஹாரனும் அறிவிப்பும் ஓயாது. சத்தம் தாங்காத குழந்தைக்குக் காது மூடியை இறங்கும் முன்பே மாட்டிவிடுங்கள்.

ஹோட்டலில் சாப்பிட வேண்டி வந்தால் புட்டு, இடியாப்பம், இட்லி, கஞ்சியும் பயறும் எளிதானவை. ஆனால் கேரளத்தில் கோதுமைப் புட்டும் கோதுமைத் தோசையும் சாதாரணம். ஆப்ப மாவில் சில கடைகளில் மைதா சேர்ப்பார்கள். பழம்பொரியின் மேல்மாவு பெரும்பாலும் மைதா. அவியலில் தயிர் இருக்கும், புளிச்சேரி முழுக்க மோர். "இதில் மைதா உண்டோ?", "கோதம்பு உண்டோ?", "பால் சேர்த்திட்டுண்டோ?" என்ற மூன்று கேள்விகள் போதும். தமிழிலேயே கேட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. தரை சுழன்று சுழன்று மேலேறும் செங்கல் கட்டடம். சுற்றி நடப்பதை விரும்பும் குழந்தைக்குக் கொண்டாட்டம். சாய்ந்த தரையும் நெருக்கமான வழியும் கலங்கடிக்கும் குழந்தையும் இருக்கும். கூட்ட நேரத்தைத் தவிர்த்துப் போனால் கீழ்ப்பகுதியிலேயே இடம் கிடைக்கலாம்.

மெடிக்கல் காலேஜ் வளாகம் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர். குழந்தை வளர்ச்சி மையம், எஸ்.ஏ.டி., ஸ்ரீ சித்திரை மூன்றும் அந்தப் பக்கமே. ஆக்குளம் நிஷ் தனி இடம். ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள், குழந்தை தாங்காது. திரும்பும் வழியில் நேரம் இருந்தால் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சாலைக் கடைத்தெரு. தமிழ் வியாபாரிகள் நிறைந்த பழைய சந்தை. ராகி, தினை, எள் எல்லாம் முழுத் தானியமாக வாங்கி வீட்டில் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளலாம்.

பணத்தைக் கறக்கும் சோதனைகள்

'நூறு உணவுக்கு ஒரே ரத்தச் சோதனை' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை அளப்பவை. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியிருப்பதைத்தான் அது காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. தினமும் சாப்பிடும் அரிசியும் முட்டையும் சிவப்புக் கோட்டில் வருவது அதனால்தான். சிறுநீரில் குளூட்டன் துணுக்கு தேடும் சோதனை, முடியை அனுப்பிச் செய்யும் சோதனை ஆகியவற்றை நம்பி உணவை நிறுத்த வேண்டாம். உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன், செக்ரிட்டின் ஊசி, அழுத்த ஆக்சிஜன் அறை மூன்றையும் ஆட்டிசத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதே 2013 'நைஸ்' வழிகாட்டுதல் சொல்கிறது. மிஞ்சும் பணம் பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டும்.

வீட்டாரிடம் பேசுவது

"ஒரு பிஸ்கட்டுதானே மக்கா, குடுத்தா என்ன?" என்று ஆச்சி கேட்பார். அவரோடு சண்டை போடாதீர்கள். "நாலு வாரம்தான் ஆச்சி, இந்தத் தேதிக்கு அப்புறம் நீங்களே உங்க கையால குடுங்க" என்று காலண்டரைக் காட்டுங்கள். முடிவு தேதி உள்ள கட்டுப்பாட்டை வீடு ஏற்கும். பிறந்தநாள் விழாவுக்குப் போகாமல் இருப்பதைவிட, கேக்குக்குப் பதிலாகக் குழந்தைக்குப் பிடித்த ஒன்றைக் கட்டிக்கொண்டு போவது மேல். ஏற்கெனவே நண்பர்கள் குறைந்த குழந்தைக்கு உணவுக் கட்டுப்பாடு இன்னொரு சுவராகக் கூடாது.

அப்பாவோ மற்றவர்களோ அம்மாவைக் குறை சொல்லும் வீடுகளில் இதையும் உரக்கச் சொல்ல வேண்டும்: அம்மா கொடுத்த எந்த உணவாலும் ஆட்டிசம் வரவில்லை.

மருத்துவரிடம் எடுத்துச் செல்ல ஒரு பக்கம்

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கமாக வையுங்கள்.

1. குழந்தை இப்போது சாப்பிடும் எல்லாப் பொருட்களும். பிஸ்கட்டின் கம்பெனிப் பெயர் உட்பட.
2. ஒரு நாளில் குடிக்கும் பால், தண்ணீர் அளவு.
3. கடந்த ஒரு வருடத்தில் சாப்பிடுவதை விட்டுவிட்ட உணவுகள்.
4. மலம் கழிக்கும் நாட்கள், தன்மை, வலிக்கும் அடையாளம்.
5. தூங்கும் நேரம், இடையில் எழும் நேரம்.
6. கடைசி மூன்று எடை, உயரம், எடுத்த தேதியுடன்.
7. ஏற்கெனவே நிறுத்திய உணவு, நிறுத்திய தேதி, யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்பது.
8. கொடுத்துவரும் மாத்திரை, டானிக், ஆயுர்வேத, சித்த, ஹோமியோபதி மருந்துகள் ஒன்றுவிடாமல்.
9. வலிப்பு, தோல் தடிப்பு, மூச்சிரைப்பு வந்திருந்தால் அதன் வீடியோ.
10. கேட்க வேண்டிய கேள்வி: "இவனுக்கு எதை நிறுத்தணும் என்பதற்கு முன்னால, எது குறைவா இருக்குன்னு பார்க்கலாமா?"